ஜார்ஜ் டவுனில் குடியேறலாமா? மண்ணடி, சௌகார்பேட்டை, ஏழுகிணறு: எந்தப் பக்கம் நல்லது?

கேள்வி: மதுரை_வக்கீல்

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருஷமாக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வக்கீலாக இருக்கிறேன். ஜூன் மாதம் முதல் சென்னையில் ஒரு சீனியரிடம் சேரப்போகிறேன். அவருடைய அலுவலகம் தம்பு செட்டித் தெருவில் இருக்கிறது. கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. மகளுக்கு ஏழு வயது. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார், அவருக்கு முழங்கால் வலி.

சொந்தக்காரர்கள் எல்லோரும் அண்ணா நகர், பெரம்பூர் என்றுதான் சொல்கிறார்கள். காலையில் போனால் இரவு திரும்புகிற வேலை இது. இதில் இன்னும் இரண்டு மணி நேரத்தைப் பயணத்துக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. நடக்கிற தூரத்தில் வீடு இருந்தால், மதியம் ஒரு நடை போய் மகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசை.

போன வாரம் ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். பாரிமுனையில் இறங்கி உள்ளே போனதும் திசையே தெரியவில்லை. ஒரு தெரு முழுக்கக் கல்யாணப் பத்திரிகை, இன்னொரு தெரு முழுக்கத் துணி மூட்டை, அதைத் தாண்டினால் மிளகாய் நெடி. காதில் விழுவது தெலுங்கா ஹிந்தியா என்று பிடிபடுவதற்குள் அடுத்த தெரு வந்துவிடுகிறது. புரோக்கர் ஒருவர், "எல்லாம் ஜார்ஜ் டவுன்தாம்மா" என்று சொல்லி மூன்று வீடு காட்டினார். மூன்றும் மூன்று ஊர் மாதிரி இருந்தன. ஒரு வீட்டில் உள்ளே விடுவதற்கு முன்பே, "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார்கள். நாங்கள் சாப்பிடுகிறவர்கள்தான்.

அங்கே இருந்தவர்கள், இருக்கிறவர்கள் சொல்லுங்கள். குடும்பத்தோடு வாழ முடியுமா? எந்தப் பக்கம் தேடலாம்?

பதில் 1: பழைய_தபால்காரர்

அம்மா, நான் 1983 முதல் 2018 வரை தபால்காரனாக இருந்தேன். அதில் பெரும்பகுதி சென்னை-1, நடுவில் சில வருஷம் சௌகார்பேட்டையின் சென்னை-79. உங்களுக்குத் திசை தெரியாமல் போன அதே தெருக்களில் தோளில் பையோடு தினமும் நடந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஜார்ஜ் டவுன் என்று உங்கள் புரோக்கர் சொன்னதை மறந்துவிடுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் பெயரை மொத்தமாகப் போர்த்திவிட்டார்கள், அவ்வளவுதான். அதற்குக் கீழே இருப்பது இரண்டு பழைய பேட்டைகள். கடற்கரைப் பக்கம் முத்தியால்பேட்டை, யானைகவுனிப் பக்கம் பெத்தநாயக்கன்பேட்டை. நடுவில் எல்லை பிராட்வே. அந்த இடம் ஒரு காலத்தில் பள்ளமும் கழிவுநீருமாகக் கிடந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைத் தூர்த்துச் சாலையாக்கியவர் ஸ்டீபன் பாப்ஹாம், உங்களைப் போல ஒரு வக்கீல்தான். இப்போது அதன் பெயர் பிரகாசம் சாலை. ஆனால் கண்டக்டர் முதல் பூக்காரம்மா வரை பிராட்வே என்றால்தான் தெரியும்.

நீங்கள் வேலைக்குப் போகப்போகிற நீதிமன்ற வளாகம் இருக்கிறதே, முதல் ஊர் அங்கேதான் இருந்தது. கோட்டையை ஒட்டி இருந்த அந்தக் கறுப்பர் நகரத்தை, பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடந்த காலத்தில் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கோட்டைப் பீரங்கிக்கு எதிரே எதுவும் மறைக்கக் கூடாது என்று வெட்டவெளியாக விட்டார்கள். பாரிமுனையில் டேர் ஹவுஸ் மூலையில் ஒரு கல்தூண் நிற்கும், பார்த்திருக்க மாட்டீர்கள், யாரும் பார்ப்பதில்லை. இந்த எல்லையைத் தாண்டிக் கட்டக் கூடாது என்று 1773இல் நட்ட தூண்களில் மிச்சம் இருப்பது அது. பழைய ஊரில் இருந்த பட்டணம் கோயிலும் அப்போதுதான் போயிற்று. பிறகு மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று தேவராஜ முதலி தெருப் பக்கம் சென்ன கேசவப் பெருமாளுக்கும் சென்ன மல்லீசுவரருக்கும் பக்கத்தில் பக்கத்தில் கோயில் கட்டினார். புரட்டாசி சமயத்தில் திருப்பதிக் குடை புறப்படுவது அங்கிருந்துதான். குடை யானைகவுனியைத் தாண்டும் நாளில் அந்தப் பக்கம் வண்டி நகராது. அன்றைக்கு வீட்டைவிட்டு எங்கும் போக வேண்டியிருந்தால் காலையிலேயே போய்விட வேண்டும்.

இந்த ஊரில் ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பெயர். தபால்காரனுக்கு முதல் பாடமே அதுதான். மின்ட் ஸ்ட்ரீட் என்றாலும் தங்கசாலை என்றாலும் ஒன்று. கோரல் மெர்ச்சன்ட் ஸ்ட்ரீட் என்று இங்கிலீஷில் வரும் கவர், பவழக்காரத் தெருவுக்கு வந்தது. ஐரோப்பாவிலிருந்து பவழம் கொண்டுவந்து இங்கிருந்து வைரம் வாங்கிப்போன யூத வியாபாரிகள் இருந்த தெரு அது. அவர்கள் போன பிறகு நாட்டுக்கோட்டை நகரத்தார் வந்தார்கள். யூதர்களில் ஒரு குடும்பமும் இன்றில்லை, பெயர் மட்டும் இருக்கிறது. ஆர்மேனியன் தெருவை யாரோ தமிழில் எழுதப்போய் அது அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது. அந்தத் தெருவில் அரண்மனை எதுவும் இருந்ததில்லை. இருந்தவர்கள் அர்மீனிய நாட்டு வியாபாரிகள். அவர்கள் 1772இல் கட்டிய மாதா கோயில் இன்றும் இருக்கிறது. கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் தெருச் சத்தம் அறுந்துபோகும். முற்றம் முழுக்கக் கல்லறைக் கற்கள், பேரும் தேதியும் அவர்கள் எழுத்தில். உலகத்திலேயே அர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகையை 1794இல் இந்தச் சென்னையில் அச்சடித்த பாதிரியாருக்கும் அங்கேதான் கல்லறை. வெயில் காலத்தில் பத்து நிமிஷம் அங்கே உட்கார்ந்துவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போவேன். அதே தெருவில் கச்சாலீசுவரர் கோயில், அந்தோணியார் இருக்கும் மாதா கோயில். செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் கிறிஸ்தவர்களாக இருக்க மாட்டார்கள். உங்கள் அலுவலகம் இருக்கும் தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். சிவாஜி 1677இல் வந்து கும்பிட்டுப் போனதாகக் கோயிலில் சொல்வார்கள்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு: இவை பகலுக்கான தெருக்கள். வக்கீல் ஆபீஸ், கம்பெனி, குடோன். இரவு எட்டு மணிக்கு மேல் மாடியில் விளக்கு எரிகிற ஜன்னலை விரல்விட்டு எண்ணலாம். குழந்தையோடு அங்கே வேண்டாம். கோடவுன் தெரு, ஆண்டர்சன் தெரு, காசிச் செட்டித் தெரு பக்கமும் அப்படித்தான். நீங்கள் பார்த்த துணி மூட்டையும் கல்யாணப் பத்திரிகையும் அங்கேதான்.

கோவிந்தப்ப நாயக்கன் தெருப் பக்கம் மிளகாய் நெடி. பழகிவிடும் என்பார்கள். எனக்குப் பழகவே இல்லை. அந்தப் பக்கம்தான் கொத்தவால் சாவடி, தெலுங்குச் செட்டியார்களின் கன்னிகா பரமேஸ்வரி கோயில். காய்கறி மண்டி 1996இல் கோயம்பேட்டுக்குப் போகும் வரை, விடியற்காலை அந்தத் தெருவில் முட்டைக்கோஸ் இலை மேல்தான் நடக்க வேண்டும். இப்போது அந்த அவதி இல்லை. ஆனால் மூட்டை இறக்குவது இரவில் நடக்கும். தூக்கம் லேசாக உள்ளவர்களுக்குச் சிரமம்.

சௌகார்பேட்டையைப் பற்றி ஒரு காட்சி சொல்கிறேன். வீரப்பன் தெருவில் நான் ரெஜிஸ்டர் தபால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கட்டடம். கீழே வெள்ளிக் கடை. முதல் மாடியில் ராஜஸ்தான் குடும்பம், வாசலில் மாவிலைத் தோரணமும் மஞ்சள் குங்குமக் கைத்தடங்களும் இருக்கும். இரண்டாம் மாடியில் வங்காளத்திலிருந்து வந்த பொற்கொல்லர்கள், ஒரே அறையில் பத்துப் பேர். தரையில் உட்கார்ந்து ஊதுகுழலால் சுடரை வளைத்து மயிர் மாதிரி இருக்கும் கம்பியைப் பற்றவைப்பார்கள். வாசலில் ஒரு சாக்கு விரித்திருக்கும், பக்கத்தில் ஒரு தண்ணீர்ச் சட்டி. யார் வெளியே போனாலும் காலைச் சாக்கில் தேய்த்துவிட்டு, கையைச் சட்டியில் அலம்பிவிட்டுத்தான் போக வேண்டும். காலில் ஒட்டிய தங்கத்தூள் தெருவுக்குப் போய்விடக் கூடாது. கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது நானும் செருப்பைத் தேய்த்துவிட்டுத்தான் இறங்குவேன். யாரும் வற்புறுத்தியதில்லை. மொட்டைமாடியில் வீட்டுக்கார அம்மா, தெலுங்கு. கீழே இருந்து "போஸ்ட்" என்று குரல் கொடுத்தால் கயிற்றில் கூடையை இறக்குவார். ஒரே படிக்கட்டு, நாலு மொழி. மேல்மாடிக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வெள்ளிக் கடைக்காரர்தான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவார்.

அந்தக் கட்டடத்தில் இப்போது யாரும் குடியில்லை. நான் ஓய்வு பெறும்போது எல்லா மாடியும் குடோன். எனக்கு இருக்கிற வருத்தமே இதுதான் அம்மா. நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் தபால் கட்டுக்குள் பாதிக்கு மேல் வீட்டுப் பெயருக்கு வரும் கடிதங்கள். கடைசி வருஷங்களில் எடுத்ததெல்லாம் கம்பெனிப் பெயர். கடிதம் எழுதும் வழக்கம் போனது ஒரு காரணம்தான். ஆனால் கதவுகளும் போயின. கோலம் போட்ட வாசலில் ஷட்டர் வந்தது. நீங்கள் இங்கே குடிவர நினைக்கிறீர்கள் என்று படித்ததும் இவ்வளவு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அது.

என் யோசனை ஏழுகிணறு. தங்கசாலைக்கு வடக்கே போகும் பக்கம். 1772இல் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கிணறுகள் வெட்டிய இடம், அதனால்தான் அந்தப் பெயர். வள்ளலார் சின்ன வயதிலிருந்து வளர்ந்த வீடு அங்கே வீராசாமிப் பிள்ளைத் தெருவில் இருக்கிறது. அங்கிருந்து நடந்துபோய்த்தான் ராசப்ப செட்டித் தெருக் கந்தகோட்டத்தில் முருகனைப் பாடினார். தமிழ், தெலுங்கு, மார்வாடி என்று எல்லாக் குடும்பமும் கலந்து இருக்கும் தெருக்கள். மாலையில் திண்ணையில் ஆள் இருக்கும். தம்பு செட்டித் தெருவுக்கு இருபது, இருபத்தைந்து நிமிஷ நடை. இரண்டாவதாக, பவழக்காரத் தெருவும் அதை ஒட்டிய மண்ணடிச் சந்துகளும். அது இன்னும் கிட்டே.

வீடு பார்க்கும்போது படியைப் பாருங்கள். மாமியாருக்கு முழங்கால் வலி என்கிறீர்கள். பழைய வீடுகளில் படி செங்குத்தாக, ஒரு ஆள் மட்டும் ஏறும் அகலத்தில் இருக்கும், பிடிக்கக் கயிறு தொங்கும். நானே ஒரு மழை நாளில் அப்படி ஒரு மரப்படியில் வழுக்கிக் கணுக்கால் முறிந்து ஆறு வாரம் கிடந்தேன். மூட்டை தூக்குகிறவர்கள்தான் என்னை மீன்பாடி வண்டியில் வைத்து அரசு மருத்துவமனைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள், தபால் பையைக் கடைக்காரர் ஒருவர் பூட்டி வைத்தார். கீழ்வீடு கிடைத்தால் மட்டும் எடுங்கள், இல்லையென்றால் லிஃப்ட் உள்ள புதுக் கட்டடம். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, சம்ப் யாரோடு பொது என்று வீட்டுக்காரரைக் கேட்காமல் பக்கத்து வீட்டைக் கேளுங்கள். ஒரு முறை காலை ஆறுக்கு, ஒரு முறை பகல் பன்னிரண்டுக்கு, ஒரு முறை இரவு பத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

பதில் 2: மண்ணடி_மருமகள்

அக்கா, நான் கீழக்கரைப் பிள்ளை. கல்யாணமாகி மண்ணடிக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. தபால்கார ஐயா மண்ணடியை இரண்டாவதாகச் சொல்லிவிட்டார், அதனால் நான் எழுத வேண்டியதாயிற்று.

இரவுதான் எங்கள் பக்கத்தின் பலம். மண்ணடி சீக்கிரம் தூங்காது. கீழக்கரை, காயல்பட்டினம், ராமநாதபுரம் என்று ஊரிலிருந்து சரக்கு வாங்க வருகிறவர்கள், வெளிநாட்டு விமானம் பிடிக்க வருகிறவர்கள் எல்லோருக்கும் தங்குமிடம் இங்கேதான். பத்து மணிக்கு மருந்து வாங்க நான் தனியாக இறங்கிப் போவேன். கடைக்காரர்கள் எல்லோருக்கும் எந்த வீட்டுப் பெண் என்று தெரியும். நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன் சாப்பிடுகிற சஹர் நேரம் வரை தெருவில் வெளிச்சம். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கொடுப்பார்கள், தூக்குவாளியோடு எல்லா வீட்டுக் குழந்தைகளும் போய் நிற்கும். என்ன சாமி கும்பிடுகிற வீடு என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் கட்டடத்தில் மேல்வீட்டில் ஒரு விஸ்வகர்மா குடும்பம். அந்த வீட்டுப் பாட்டிக்குக் கஞ்சியில் கறி போடாத நாள் எது என்று என் மகன்தான் ஓடிப்போய்ச் சொல்லுவான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல் தெருக்களில் வண்டி போகாது. எங்கள் பக்கத்திலும் சில வீட்டுக்காரர்கள் தங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வக்கீல் என்றால் யோசிக்கிற வீட்டுக்காரர்கள்தான் அதிகம், நீங்கள் எந்தத் தெருவில் பிறந்தவராக இருந்தாலும்! அதனால் சீனியர் பெயரைச் சொல்லி அறிமுகத்தோடு போங்கள். குழந்தை விளையாட இடம் கிடையாது. என் பிள்ளைகள் மொட்டைமாடியில்தான் வளர்ந்தார்கள். விடுமுறை நாளில் பழைய ஜெயில் சாலைப் பக்கம் இருக்கும் மாடிப் பூங்காவுக்குக் கூட்டிப்போவேன். பழைய ஊர் மதிலில் மிச்சம் இருக்கிற துண்டு அது. அதன் மேலேதான் பூங்கா.

மாமியாருக்கு ஒன்று: மண்ணடி மெட்ரோ வந்த பிறகு வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எவ்வளவோ எளிதாகிவிட்டது. 2019க்கு முன்பு ஆட்டோவே உள்ளே வர மாட்டேன் என்பார்கள்.

பதில் 3: பர்மா_பஜார்_பையன்

நான் இங்கே குடியிருப்பவன் இல்லை. தினமும் வியாசர்பாடியிலிருந்து வந்து போகிறேன். ஆனால் இந்த இடம் எங்களுக்கும் சொந்தம் என்பதால் எழுதுகிறேன்.

என் தாத்தா ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தவர். 1962இல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, பிறகு கடைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டதும், பாட்டியும் இரண்டு குழந்தைகளும் ஒரு டிரங்குப் பெட்டியுமாகக் கப்பலில் இந்தத் துறைமுகத்தில்தான் வந்து இறங்கினார். நடைபாதையில் விற்றுப் பிழைத்தவர்களுக்கு 1969இல் கடற்கரை ரயில் நிலையம் எதிரே வரிசையாகக் கடை கிடைத்தது. அதுதான் பர்மா பஜார். தாத்தா சென்ட் பாட்டிலும் டார்ச் லைட்டும் விற்ற அதே கடையில் நான் போன் கவர் விற்கிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வந்தால் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டிகளைப் பார்க்கலாம். அகலத் தட்டில் நூடுல்ஸ், மெலிதாகச் சீவிய முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், வெங்காயம் வறுத்த எண்ணெய். மேலே பேஜோ என்கிற மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைவார்கள். கரண்டியால் கிளறினால் அந்த ருசி வராது என்பது என் பாட்டியின் தீர்ப்பு. கூடவே வாழைத்தண்டு சூப், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். உங்கள் மகளுக்குக் காரம் குறைத்துத் தரச் சொல்லுங்கள், தருவார்கள்.

வீட்டைப் பற்றி நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். இங்கே பகலில் நீங்கள் பார்க்கிற கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் என்னைப் போலத் திரும்பிப் போகிறவர்கள். பகலில் ஒரு தெருவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து பாருங்கள். அன்றைக்கும் எந்தத் தெருவில் பால் பாக்கெட்டும் சைக்கிளும் வாசலில் இருக்கிறதோ அந்தத் தெருவில் தேடுங்கள்.

பதில் 4: தங்கசாலை_ஜெயின்

சகோதரி, வாசலிலேயே அசைவம் பற்றிக் கேட்டது உங்களுக்குச் சங்கடமாக இருந்திருக்கும். அதற்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒருவராவது பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பம் ராஜஸ்தானின் பாலி பக்கத்திலிருந்து வந்தது. நான் மூன்றாம் தலைமுறை. வீட்டில் மார்வாடி, கடையில் தமிழ். என் குழந்தைகள் சினிமாப் பாட்டு, கோபம், கனவு எல்லாமே தமிழில்தான். சௌகார் என்றால் வட்டிக்குக் கொடுப்பவர் என்று மட்டும் இங்கே நினைக்கிறார்கள். சாஹுகார் என்பதற்கு வியாபாரி, நாணயஸ்தர் என்றும் பொருள். அந்தப் பெயரில்தான் பேட்டை.

எங்களில் பல வீடுகளில் சூரியன் மறைந்த பிறகு சாப்பிட மாட்டோம். உருளைக்கிழங்கு, வெங்காயம்கூடக் கிடையாது. ஒரே முற்றம், ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரு சமையலறையின் ஜன்னல் இன்னொரு சமையலறைக்குள் திறக்கும் கட்டடங்கள். வயதானவர்களுக்கு வாசனையே தாங்காது. அதனால்தான் முதலிலேயே கேட்கிறார்கள். இது எல்லோருக்கும் நியாயமாகப் படாது என்று எனக்குத் தெரியும், என் மனைவிக்கும் எனக்குமே இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மறைத்து வீடு எடுக்காதீர்கள். பிறகு தினமும் மனக்கசப்பு.

தபால்கார ஐயா சொன்ன வருத்தம் எங்களுக்கும் உண்டு. வசதி வந்ததும் எங்கள் ஆட்கள் வேப்பேரி, கீழ்ப்பாக்கம், புரசைவாக்கம் என்று போய்விட்டார்கள். கடை இங்கே, வீடு அங்கே. என் அப்பா மட்டும் அசைய மாட்டேன் என்கிறார். காலையில் எழுந்ததும் தங்கசாலைக் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து போக வேண்டும், அது காரில் போய் வருகிற விஷயம் இல்லை என்கிறார். எங்கள் கட்டடத்தில் எட்டு வீட்டில் இப்போது குடும்பம் இருப்பது மூன்றில்தான்.

ஏழுகிணற்றில் கலப்புக் குடியிருப்பு என்று அவர் சொன்னது சரி. அங்கே உங்களுக்குக் கிடைக்கும். சாப்பாட்டுக்கு மட்டும் எங்கள் பக்கம் வாருங்கள். முறுக்குக்கு நடுவே சட்னியும் வெள்ளரியும் வைத்துத் தருகிற முறுக்கு சாண்ட்விச்சை உங்கள் மகள் விடமாட்டாள்.

மதுரை_வக்கீல்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தங்கசாலைக்கார அண்ணா, நீங்கள் நேராகச் சொன்னது எனக்குப் பிடித்தது. அந்த வீட்டு அம்மா மேல் இருந்த கோபம் குறைந்துவிட்டது.

சொன்ன மாதிரியே மூன்று வேளையும், அப்புறம் ஞாயிறு மதியமும் போய்ப் பார்த்தேன். அர்மீனியன் கோயிலில் மாமியாரோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கிளம்பலாம் என்றால் அவர் எழுந்திருக்கவே இல்லை.

ஏழுகிணற்றில் ஒரு கீழ்வீடு கிடைத்திருக்கிறது. இரண்டு அறை, முன்னால் சின்னத் திண்ணை. வீட்டுக்கார அம்மா தெலுங்கு, மாடியில் இருக்கிறார். எதிர்வீட்டில் மகள் வயதில் ஒரு மார்வாடிப் பெண் குழந்தை. மீன் சமைத்தால் பின்பக்க ஜன்னலை மட்டும் திறந்து வைக்கச் சொன்னார் வீட்டுக்கார அம்மா, அவ்வளவுதான். தண்ணீர் காலை ஐந்தரைக்கு வருகிறது என்று மூன்று வீட்டில் கேட்டு உறுதி செய்தேன். அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

தபால்கார ஐயாவுக்கு ஒரு கேள்வி. வாசலில் இரண்டு எண் எழுதியிருக்கிறது, ஒன்றை அடித்துவிட்டு இன்னொன்று. ஒப்பந்தத்திலும் கேஸ் இணைப்பிலும் எதைக் கொடுப்பது?

பழைய_தபால்காரர்

ரொம்பச் சந்தோஷம் அம்மா. இரண்டையும் கொடுங்கள். புதிய எண் முதலில், ஒரு சாய்கோடு, பிறகு பழைய எண். அடித்த எண்ணைச் சுரண்டிவிடாதீர்கள். பழைய கடைக்காரர்களும் கூரியர் பையன்களுக்கு வழி சொல்கிறவர்களும் அதை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். தெருப் பெயருக்குப் பிறகு ஏழுகிணறு என்று கட்டாயம் எழுதுங்கள். ஜார்ஜ் டவுன் என்று மட்டும் எழுதினால் கடிதம் பாரிமுனையைச் சுற்றிவிட்டு இரண்டு நாள் கழித்து வரும்.

வாசல் கதவில் உங்கள் குடும்பப் பெயர்களைத் தமிழில் பெரிதாக எழுதி மாட்டுங்கள். மாமியார் பெயரும் இருக்கட்டும். பென்ஷன் கடிதம் ஏதாவது வந்தால் திரும்பிப் போகாது. அந்தத் தெருக்களில் இப்போது தபால் கொண்டு நடக்கிற பையன் எனக்குத் தெரிந்தவன். முதல் வாரத்திலேயே ஒரு நாள் நிறுத்தி, வீட்டில் எல்லோரையும் காட்டிவிடுங்கள்.